நெயில்ட் இட்டுக்குத் தமிழ்

ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது, நெயில்ட் இட். பரீட்சையில் தேறினால் நெயில்ட் இட். வேலைக்கான நேர்காணலில் கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொல்லிவிட்டு வந்தால் நெயில்ட் இட். ஆம்லெட்டைப் பிய்யாமல் திருப்பிப் போட்டுவிட்டால் அதற்கும் நெயில்ட் இட்தான். ஆணிக்கும் ஆம்லெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒரே அடியில் ஆணி உள்ளே இறங்குவதுபோலக் காரியம் கச்சிதமாக முடிந்தது என்று அர்த்தமாம். சரி, அவர்கள் ஆணி, அவர்கள் சுத்தியல், நமக்கென்ன வந்தது? ஆனால் அதே சொல்லை வாயசைவுக்குப் பொருந்துகிற மாதிரி தமிழில் எழுதிக் கொடு என்று ஒருத்தியின் தலையில் கட்டினால் அவள் பாடு திண்டாட்டம்தானே.

அந்த ஒருத்திக்கு டப்பிங் ஸ்டூடியோவில் வசனம் எழுதுகிற வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட மூத்தவரான சவுண்ட் என்ஜினியர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்த மனிதர் நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். அதனாலேயே அவருக்கு ஸ்டூடியோ வைத்த பெயர் சவுண்டு.

அவர்கள் தமிழாக்கிக்கொண்டிருந்த தொடர் ஒரு பூட்டுக்காரனைப் பற்றியது. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்கள் அவனுக்கு ஃபோன் செய்வார்கள். அவன் வந்து கதவுக்கு முன்னால் மண்டி போட்டு, கம்பியை விட்டுக் குடைவான். பூட்டு 'க்ளிக்' என்றதும் மூச்சை இழுத்து, நிமிர்ந்து பார்த்து, 'நெயில்ட் இட்' என்று சொல்லிச் சிரிப்பான். எபிசோடு தவறாமல் இது வரும். அந்தப் பூட்டுக்காரனுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர் அவளுடைய கணவர்.

இந்தத் தொடர் அவள் கைக்கு வருவதற்கு முன்னால், வேறொரு புண்ணியவான் முதல் எபிசோடில் 'ஆணி அடித்துவிட்டேன்' என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தான். கதவைத் திறக்க வந்தவன் எதற்கடா ஆணி அடித்தான் என்று ஸ்டூடியோவே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்தபிறகு அவள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தாள். 'சாதிச்சுட்டேன்' மேடைப் பேச்சாக இருந்தது. 'வெற்றி' தேர்தல் முடிவாக இருந்தது. 'கலக்கிட்டே', 'பின்னிட்டே' எல்லாம் அடுத்தவனைப் பார்த்துச் சொன்னால் அழகு. அதையே ஒருத்தன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் பீற்றல். நம்மவர்கள் ஜெயித்துவிட்டால் தங்களைப் பற்றி என்னதான் சொல்லிக்கொள்கிறார்கள் என்று யோசித்து யோசித்து அவளுக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

விடை சமையலறையில் கிடைத்தது. ஜாம் பாட்டில் மூடி திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. கணவர் துண்டைச் சுற்றி, பல்லைக் கடித்து, ஒரு வழியாகத் திருகித் திறந்தார். திறந்த பாட்டிலை அவள் மூக்குக்கு நேரே நீட்டி, இரண்டு புருவத்தையும் தூக்கி, "எப்புடி?" என்றார்.

"ஆமா, மலையப் பேத்துட்டீங்க, போங்க" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். அவரும் நின்றுவிட்டார்.

"மேடம், அதுதான்" என்றார். வேலை விஷயம் என்றால் அவர் அவளை மேடம் என்பார், கிண்டலுக்கு. "நெயில்ட் இட்டத் தனியா இருக்கறவன்கூடச் சொல்லிக்கலாம். எப்புடி அப்படியில்ல. எதிர்ல ஒரு ஆள் வேணும். இல்லேன்னா வாயிலயே வராது."

"எல்லாம் சரி, உதடு ஒட்டுதே. 'நெயில்ட் இட்'ல அவனுக்கு வாய் தெறந்தே இருக்கு. 'எப்புடி'ல 'ப்' வந்தா ஒட்டியே ஆகணும். பாக்கறவன் கண்டுபிடிச்சுடுவான்."

அவர் அவளுடைய லேப்டாப்பில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார், "அவன் வாயத் தெறக்கற எடத்துல நான் மூச்ச நல்லா சத்தமா இழுத்துக்கறேன். கடைசில சிரிச்சு மூடறான் பாரு, அந்த எடத்துல என் 'ப்' வந்து உக்காந்துக்கும். பாதி மூச்சு, பாதி வார்த்தை. சரியா?"

சரியாகத்தான் இருந்தது. அந்த மூச்சும் அந்தச் சொல்லும் சேர்ந்து ஓஹோ என்று பேசப்பட்டன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட மூச்சை இழுத்துவிட்டு 'எப்புடி' என்றார்கள். வீட்டிலோ கேட்கவே வேண்டாம். குழாய் ஒழுகுவதை நிறுத்திவிட்டு எப்புடி. பீரோவைத் தனியாளாக நகர்த்திவிட்டு எப்புடி. அவளும் ஒரு தடவைகூடச் சும்மா விட்டதில்லை. 'இன்னும் சொட்டுது பாருங்க' என்பாள், 'இடுப்புப் புடிச்சுக்கிட்டா நான் பொறுப்பில்ல' என்பாள், ஏதாவது ஒன்று சொல்லிவிடுவாள். சொல்கிறவரைக்கும் அவர் புருவத்தைக் கீழே இறக்கமாட்டார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. மூச்சை வைத்துப் பிழைத்தவருக்கு மூச்சிலேயே வந்து விடிந்தது. ஆஸ்பத்திரி, ஆக்சிஜன், ஊசி என்று எல்லாம் பார்த்தார்கள். ஒன்றும் எடுபடவில்லை. அடுத்த சீசன் தொடங்குவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பூட்டுக்காரனுக்குப் புதுக் குரல் தேடினார்கள். ரேடியோவில் விளம்பரம் படித்துக்கொண்டிருந்த ஒருத்தன் கிடைத்தான். கிட்டத்தட்ட அதே கனம், அதே அடிக்குரல். இருந்த வேலையை விட்டுவிட்டு இதை நம்பி வந்தான். எல்லோரும் அவனை ரேடியோ என்று கூப்பிட்டார்கள். தேர்வு செய்யும்போது அவளும் உட்கார்ந்து கேட்டு, "இவரே இருக்கட்டும்" என்று சொன்னவள்தான். பேச்சில் ஒரு குறையும் இல்லை.

குறை எழுத்தில் வந்தது. புது சீசனின் முதல் எபிசோடில் பூட்டு 'க்ளிக்' என்ற இடத்தில் அவள் 'கலக்கிட்டேன்' என்று எழுதினாள். ரேடியோ தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், புது ஆள் என்பதால் வாயை மூடிக்கொண்டு படித்தான். அடுத்ததில் 'பின்னிட்டேன்'. அதற்கடுத்ததில் 'வெளுத்துக் கட்டிட்டோம்ல'. எது பீற்றல் என்று அவளே ஒரு காலத்தில் ஒதுக்கித் தள்ளினாளோ அதையெல்லாம் பொறுக்கி எடுத்து அந்தப் பிள்ளையின் வாயில் திணித்தாள். 'எப்புடி' மட்டும் எழுதவில்லை. கேட்டால், புதுக் குரலுக்குப் புது வார்த்தை வேண்டாமா என்றாள். சாக்குக்கா பஞ்சம்?

முதல் எபிசோடை முழுக்கச் சேர்த்து முடித்துப் போட்டுப் பார்த்தபோதுதான் அது நடந்தது. பிற்பகல். கன்ட்ரோல் அறையில் அவளும் சவுண்டும் மட்டும். திரையில் பூட்டுக்காரன் மண்டியிட்டான். க்ளிக். பிறகு ஒலிபெருக்கியிலிருந்து ஒரு மூச்சு வந்தது. உள்ளே இழுக்கிற மூச்சு, மேலே போகப்போக லேசாக ஒரு கீச்சு, உச்சியில் சின்னதாக ஒரு தடக். அதற்கப்புறம் வேறொருத்தன் குரலில் 'கலக்கிட்டேன்'.

அந்த மூச்சுக்குப் பக்கத்தில் அவள் எத்தனை வருஷம் தூங்கியிருக்கிறாள்.

"யார் மூச்சு அது?" என்றாள்.

சவுண்டு திரும்பிப் பார்க்காமலே, "அவரோடதுதான்க்கா" என்றார்.

விஷயம் இதுதான். டப்பிங்கில் ஒருவர் நாள் முழுக்கப் பேசும்போது அவருடைய இருமல், சிரிப்பு, பெருமூச்சு, முனகல் எல்லாவற்றையும் தனித்தனியே வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார்கள், எங்காவது ஒட்டவைக்க உதவும் என்று. ஸ்டூடியோ பாஷையில் அதற்கு மூச்சு டப்பா என்று பெயர். ரேடியோவில் வேலை பார்த்தவனுக்கோ மூச்சுச் சத்தம் வெளியே கேட்காமல் பேசித்தான் பழக்கம். மைக் முன்னால் அவன் மூச்சை இழுத்தால் எறும்புக்குக்கூடக் கேட்காது. திரையில் பூட்டுக்காரனின் நெஞ்சு நிமிர்கிறது, சத்தம் இல்லை என்றால் நன்றாகவா இருக்கும்? அதனால் சவுண்டு டப்பாவைத் திறந்து பழைய மூச்சை எடுத்து ஒட்டிவிட்டார். மூச்சைக் கேட்டு ஆளைக் கண்டுபிடிப்பாள் ஒருத்தி என்று அவர் நினைக்கவில்லை.

"எடுத்துடவா?" என்றார்.

"வேணாம்." சொன்ன வேகத்தில் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. "இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு. இன்னொரு தடவ போடுங்க."

அவர் போட்டார். மறுபடி போடச் சொன்னாள். அதற்கப்புறம் அவள் கேட்காமலே அவர் போட்டார். ஒவ்வொரு தடவையும் கணவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். ஒவ்வொரு தடவையும் இன்னொருத்தன் குறுக்கே விழுந்து எதையோ சொன்னான்.

அன்றிலிருந்து அந்த மூச்சு ஸ்டூடியோவோடு நிற்கவில்லை. வீட்டில் பட்டப்பகலில், ஜன்னல் திறந்திருக்க, தெருவில் காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டு போக, அவள் மேஜையில் உட்கார்ந்து வசனத்தைத் தட்டிக்கொண்டிருப்பாள். பூட்டு க்ளிக் என்கிற இடம் வந்ததும் விரல் தன்னால் 'எ' என்று தட்டும். உடனே நாற்காலிக்குப் பின்னாலிருந்து அது கேட்கும். பேய் என்றால் கதவைத் தட்ட வேண்டும், பாத்திரத்தை உருட்ட வேண்டும். இது அப்படி எதுவுமே செய்யவில்லை. மூச்சை உள்ளே இழுத்தது, அவ்வளவுதான். இழுத்ததை வெளியே விடவே இல்லை. அவள் திரும்பிப் பார்க்காமல், தட்டிய 'எ'வை அழித்துவிட்டு, 'பின்னிட்டேன்' என்று தட்டுவாள். பயமா என்றால் பயம்தான். ஆனால் கேட்காமல் போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஏன் அந்த ஒரு சொல்லை எழுத முடியவில்லை என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம்கூட.

அவர் போன அன்றைக்குக் காலையில், ஆஸ்பத்திரியில் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்தது. அவள் ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கக் கிளம்பினாள். இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தூக்கினால்தான் உட்கார முடியும் என்று கிடந்த மனிதர், கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டு, தானே எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சு மேலும் கீழும் ஏறி இறங்கியது. ஆக்சிஜன் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, மூச்சை இழுத்து, புருவம் இரண்டையும் தூக்கி, "எப்புடி?" என்றார்.

அவள் பார்த்தாள். பார்க்காமல் இல்லை. ஆனால் கீழே கேன்டீனில் வெந்நீர் தீர்ந்துவிடும் என்ற அவசரம். "இருங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ஃப்ளாஸ்க்கோடு மேலே ஏறி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடியிருந்தார்கள்.

புருவத்தைத் தூக்கியது தூக்கியபடிதானே இருந்திருக்கும்? அவள் அதையே நினைத்து நினைத்து உருகினாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், பதில் சொல்லாமல் போனாள். அதுவும் எந்த நாள் பார்த்து! அவர் கேட்டது இன்னும் அவள் தலைக்கு மேலே அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லை இன்னொருத்தன் சொல்லி, ஊரே கேட்டுச் சிரித்துவிட்டால், அவர் கேட்டது எங்கே போகும்? அதனால்தான் அதை மூடி வைத்துக்கொண்டாள். சொல் வராதவரைக்கும் அந்த மூச்சு நின்றுகொண்டே இருக்கும். நிற்கட்டும் என்று நினைத்தாள்.

ஊர் சும்மா இருக்குமா? ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்த மகள் பையைக்கூடக் கீழே வைக்காமல் ஆரம்பித்தாள்.

"அம்மா, கமென்ட்லாம் பாத்தியா? எப்புடி எங்கன்னு கேக்கறாங்க. புதுசா வந்தவருக்கு டைமிங்கே தெரியலன்னு கிழி கிழின்னு கிழிக்கறாங்க. எழுதறது நீ, வாங்கிக் கட்டிக்கறது அவரா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. போய்க் கை கால் கழுவு."

"தெரியும்மா. அப்பா சொன்ன வார்த்தைங்கறதுக்காக இன்னொருத்தர் வேலைக்கு உலை வைக்கற. அப்பா இருந்தா இத ஒத்துக்குவாரா?"

அவள் பதில் சொல்லவில்லை. இப்போதெல்லாம் பதில் சொல்லாமல் இருப்பது அவளுக்குப் பழகிவிட்டது.

மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போனதும் சவுண்டு கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் எழுந்து வந்து பேசுகிறார் என்றால் வானம் இடிந்துவிட்டது என்று அர்த்தம்.

"மேல இருந்து ஃபோன் வந்துச்சுக்கா. இன்னிக்கு எபிசோடு அவங்க கேட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுவாங்களாம். இதுவும் இப்படியே இருந்தா ஆள மாத்தறாங்க."

"யார?"

"ரேடியோவ."

"தப்பு அவன் மேல இல்லயே."

"நானும் அதத்தான் பாத்துட்டே இருக்கேன்" என்றார் சவுண்டு. இவ்வளவு நாளில் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார். அவள்தான் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

நடைக்கூடத்தில் டீ மெஷின் பக்கத்தில் ரேடியோ நின்றிருந்தான். கையில் காகிதக் கோப்பை, குடிக்காமல் ஆறிப்போயிருந்தது. விஷயம் அவன் காதுக்கும் எட்டியிருக்கிறது என்று முகமே சொல்லிற்று.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஒண்ணு கேக்கட்டுமா? எம்மேல எதாவது கோவமா?"

"கோவமா? எதுக்கு?"

"நீங்க எழுதறது எதுவுமே அந்த வாய்க்குள்ள அடங்கலக்கா. இப்பல்லாம் நான் பேசறதுக்கு முன்னாடியே ஹெட்ஃபோன்ல அந்த மூச்ச ஓடவிடறாங்க. அது முடிஞ்சதும் மிச்சம் இருக்கறது இத்துனூண்டு எடம். அதுக்குள்ள 'வெளுத்துக் கட்டிட்டோம்ல'ன்னு நான் எப்படிச் சொல்றது? அவன் வாய மூடிட்டு எழுந்து போறான், நான் இன்னும் பேசிட்டிருக்கேன்." கோப்பையை மெஷின்மேல் வைத்தான். "அதுகூடப் பரவால்ல. வீட்லயும் கேக்குதுக்கா."

"என்ன கேக்குது?"

"அந்த மூச்சு. சொன்னா சிரிப்பீங்க. சவரம் பண்ணிட்டிருப்பேன், பஸ்ஸுல நின்னுட்டிருப்பேன், காதோரமா யாரோ இழுப்பாங்க. எதையோ சொல்ல வந்துட்டு, நான் வழிய விடாம நிக்கறேன்ங்கற மாதிரி. சொல்லேன்யா, சொல்லித் தொலையேன்யான்னு கத்தணும்போல இருக்கும். அப்பறம் நெனச்சுக்குவேன், அந்த வார்த்தைய என்னால சொல்ல முடியாதேன்னு. நீங்க குடுக்கலயே."

அவளுக்குச் சுருக்கென்றது. தனக்கு மட்டும் கேட்கிறது என்று இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். முதலில் வந்தது கோபம்தான். என் புருஷன் மூச்சு இவன் காதில் எதற்குக் கேட்கவேண்டும் என்று இருந்தது. பிறகு அவனை நன்றாகப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். இருந்த வேலையை விட்டுவிட்டு வந்த பிள்ளை. செத்துப்போன ஒருத்தர் பாதியில் நிறுத்திய மூச்சை இவன் காதில் சொருகிவிட்டு, வாயையும் அவளே கட்டிவைத்திருக்கிறாள். உயிரோடு இருக்கிற ஒரு மனுஷனை இப்படியா போட்டு வதைப்பது? அடிப் பாவி என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

அவனிடம் "வாங்க, நேரமாச்சு" என்று மட்டும் சொன்னாள்.

பதிவு தொடங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்ன அறையில் ரேடியோ, மைக், வசனத்தாள் வைக்கும் ஸ்டாண்டு, எதிரே சுவரில் திரை. இந்தப் பக்கம் கன்ட்ரோல் அறையில் சவுண்டும் அவளும். மற்ற வசனங்களெல்லாம் மளமளவென்று ஓடின. அவன் நன்றாகவே பேசினான். பிறகு அந்த இடம் வந்தது. ஒரு சின்னக் குழந்தை உள்ளே மாட்டிக்கொண்ட கதவு, வெளியே தாய் அழுதுகொண்டிருக்கிறாள், பூட்டுக்காரன் மண்டியிட்டுக் குடைகிறான். க்ளிக். மூச்சு. தாளில் அவள் எழுதியிருந்தது 'பின்னிட்டேன்ல'.

"பின்னிட்டேன்ல" என்றான் ரேடியோ. பூட்டுக்காரன் அதற்குள் வாயை மூடிச் சிரித்துவிட்டான்.

"இன்னொண்ணு" என்றார் சவுண்டு.

மூச்சு. "பின்னிட்டேன்ல." மறுபடி வாய்க்கு வெளியே தொங்கிற்று.

"இன்னொண்ணு."

அவன் வேகமாகச் சொன்னான், விழுங்கிச் சொன்னான், பாதியை வெட்டிச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் அந்த மூச்சு வந்து நின்று, காத்திருந்து, ஏமாந்து திரும்பியது. எத்தனை தடவைதான் ஒரு மனிதர் வாயைத் திறப்பார்?

"நிறுத்துங்க" என்று எழுந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவன் அறைக்குள் போனாள். ஸ்டாண்டிலிருந்த தாளில் அந்த வார்த்தையை அடித்தாள். மேலே எழுதப் பேனாவை வைத்தபோது கை ஓடவில்லை. பழக்க தோஷம், பின்னால் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். எதுவும் கேட்கவில்லை. ரேடியோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது, வழக்கம்போல எறும்புக்குக்கூடக் கேட்காத மூச்சு. எழுதிவிட்டாள்.

ரேடியோ குனிந்து பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சொல்லட்டுமாக்கா?"

"சொல்லுங்க. ஆனா ஒண்ணு, இத மைக்கப் பாத்துச் சொன்னா வராது. எதிர்ல ஆள் வேணும். கண்ணாடி வழியா என்னப் பாத்துச் சொல்லுங்க."

"படத்தப் பாக்கலேன்னா எடம் தப்பிடுமேக்கா."

"மூச்சு எங்க முடியுதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும்" என்றான்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் பூட்டுக்காரன் மண்டியிட்டான். தாய் அழுதாள். க்ளிக். அவளுடைய கணவர் மூச்சை இழுத்தார், மேலே போகப்போக லேசாகக் கீச்சிட்டு, உச்சியில் தடக்கென்று நின்றார். கண்ணாடிக்கு அப்பால் ரேடியோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு புருவத்தையும் தூக்கினான். இப்படித் தூக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்தச் சொல்லைச் சொன்னால் புருவம் தன்னால் எழுந்துவிடும் போலிருக்கிறது.

"எப்புடி?"

பூட்டுக்காரனின் உதடு ஒட்டுகிற இடத்தில் 'ப்' வந்து உட்கார்ந்தது. சவுண்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஓகே என்று சொல்ல அவர் கையைத் தூக்கினார்.

ரேடியோவின் புருவம் இறங்கவில்லை. சரியாக வந்ததா இல்லையா, வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாமல், பதிலுக்காக அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சவுண்டின் கையைத் தாண்டிக் கையை நீட்டி, உள்ளே பேசுகிற பட்டனை அவள் அழுத்தினாள். சொல்ல நினைத்தது 'நல்லா வந்துச்சு தம்பி' என்றுதான். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"நல்லா உக்காந்துட்டீங்க" என்றாள். பட்டனை விடவில்லை. "யாரும் புடிக்காமயே உக்காந்துட்டீங்க. பாத்தேன். நான் பாத்தேங்க. ரொம்ப நல்லா உக்காந்துட்டீங்க."

நாற்காலியே இல்லாத அறையில் நின்றுகொண்டிருந்த ரேடியோ, ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டான். சவுண்டைப் பார்த்தான். சவுண்டு, ஒன்றும் கேட்காதே என்று தலையை மட்டும் அசைத்தார். அவன் புருவம் மெல்ல இறங்கிற்று.

"தேங்க்ஸ்க்கா" என்றான்.